ஒரே லைன் போதும்: மூன்று கட்டு வீட்டுக்குள் பிராட்பேண்டைப் பகிர்வது எப்படி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அவர் வீடு மூன்று கட்டுப் பழைய வீடு. பின்கட்டுக்கு மேலே பிற்பாடு காங்கிரீட்டில் ஒரு மாடி எடுத்திருக்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் தார்சாவில் (வாசலை ஒட்டிய முன்கட்டில்) வந்து இறங்குகிறது. தார்சாவில் மகன் டேலியும் ஜிஎஸ்டியும் பார்க்கிற கணினி. நடுக்கட்டில் மருமகளின் மடிக்கணினி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. பட்டாசலில் (கூடத்தில்) டிவி. மாடியில் இன்ஜினியரிங் படிக்கிற பேத்தியின் கணினி. மாடிக்கு வைஃபை சரியாக எட்டவில்லை, மருமகளுக்குச் சாயங்கால மீட்டிங்கில் குரல் விட்டு விட்டு வருகிறது. லைன் போட வந்தவர் "மாடிக்குத் தனியா ஒரு கனெக்‌ஷன் எடுத்திருங்க" என்கிறார். தெரிந்தவர் ஒருவர், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்டு கேட்கிறார். எதைச் செய்வது என்பது அண்ணாச்சியின் கேள்வி.

அண்ணாச்சி, இன்னொரு கனெக்‌ஷன் வேண்டாம். ரிப்பீட்டரும் வேண்டாம். நீங்கள் வாங்க வேண்டியது நல்ல தாமிர வயர், இரண்டாவதாக ஒரு சாதாரண ரவுட்டர், இரண்டு சின்ன யுபிஎஸ். அவ்வளவுதான். உங்கள் குறை லைனில் இல்லை. தார்சாவரை வந்த வேகம் அதற்கு மேல் வீட்டுக்குள் போக வழியில்லாமல் நிற்கிறது. மாதாமாதம் இரண்டு பில் கட்டினாலும் அந்தச் சுவர்கள் அப்படியேதான் இருக்கும்.

முதலில் 100 எம்பிபிஎஸ் உங்கள் வீட்டுக்குப் போதுமா என்று பார்த்துவிடுவோம். வீடியோ மீட்டிங் ஒன்றுக்கு, படம் தெளிவாக இருக்கும்போதே போக 3, 4 எம்பிபிஎஸ், வர அதே அளவு. டிவியில் எச்டி படத்துக்கு 5. 4கே படம் என்றால் 15. டேலியும் ஜிஎஸ்டி தளமும் கேட்பது மிகச் சொற்பம். அங்கே தாமதம் பெரும்பாலும் எதிர்முனையில்தான். பேத்தி பாட வீடியோ பார்க்க 5 என்று வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 40-ஐத் தாண்டாது. பெரிய ஃபைல் இறக்கும்போது மட்டும் முழு 100-ம் வேலை செய்யும். அப்போதும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும், ஏனென்றால் எம்பிபிஎஸ் கணக்கு பிட்டில், ஃபைல் அளவு பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். "நூறு வாங்கினேன், பன்னிரண்டுதான் வருது" என்று கம்பெனியோடு சண்டைக்குப் போகிறவர்கள் இந்த எட்டால் வகுப்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் 2004-ல் வந்த பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2023-ல்தான் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 எம்பிபிஎஸ் ஆனது. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் டிஎஸ்எல் (டெலிஃபோன் கம்பி வழியே இன்டர்நெட்) கொண்டுவந்தபோது பல வீடுகளுக்கு வந்தது அந்த 256-தான். இன்று உங்கள் தார்சாவில் இருப்பது அதைப்போல கிட்டத்தட்ட நானூறு மடங்கு. அதனால் பங்கு போட்டால் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இனி, ஒரு லைன் எப்படிப் பல கணினிக்கு ஆகிறது என்பது. இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

கம்பெனி உங்கள் லைனுக்குத் தருவது ஓர் ஐபி முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ரவுட்டரே ஆளுக்கொரு உள்முகவரி கொடுக்கிறது: 192.168.1.5, 192.168.1.6 என்று போகும். 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கும் முகவரிகளை வீடு, அலுவலகங்களின் உள் உபயோகத்துக்கென்று 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். அவை வெளி இன்டர்நெட்டில் செல்லாது. மகனின் கணினி ஒரு தளத்தைக் கேட்கும்போது, ரவுட்டர் அந்தக் கோரிக்கையில் உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியைப் போட்டு, கூடவே ஒரு போர்ட் எண்ணையும் குறித்து அனுப்புகிறது. எந்த எண் யாருக்கு என்று ஓர் அட்டவணை அதன் நினைவில் இருக்கும். பதில் வந்ததும் எண்ணைப் பார்த்து, இது தார்சாவுக்கு, இது மாடிக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடும். இதற்கு நாட் என்று பெயர். பழைய முறை ஐபி முகவரிகள் உலகம் முழுமைக்கும் சேர்த்தே 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. ஃபோனுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால்தான் இந்த ஏற்பாடு நிலைத்தது.

ஒரு காலத்தில் இந்த வேலையை ஒரு கணினியே செய்தது. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இருந்தே இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்ற வசதி உண்டு. மோடம் செருகிய கணினியில் அதை டிக் அடித்தால் மற்ற கணினிகள் அதன் வழியாகப் போய்வரும். இன்றைய விண்டோஸிலும் அது இருக்கிறது. ஆனால் முதல் கணினியை அணைத்தால் வீடு முழுக்க இன்டர்நெட் போய்விடும், அதற்கு வைரஸ் வந்தால் எல்லாருக்கும் தலைவலி. இப்போது ஃபைபரோடு கொடுக்கிற ஓஎன்டி என்கிற, ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்குள்ளேயே ரவுட்டர் இருக்கிறது. நாலு துளை, வைஃபை, எல்லாம் அதிலேயே. எனவே பகிர்வதற்கென்று கணினியில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி என்று காட்டுவது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, கம்பெனியும் தன் பக்கம் ஒரு நாட் போட்டு ஒரே வெளிமுகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போடுகிறது என்று அர்த்தம். உலாவ, படம் பார்க்க, மீட்டிங் பேச இதனால் கஷ்டமில்லை. வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகத் திறந்து பார்க்க முயன்றால் மட்டும் நடக்காது. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்ப்பது, அல்லது நிலையான முகவரி கேட்டு வாங்குவது, அல்லது ஐபிவி6 (புதிய முறை ஐபி முகவரி) இருந்தால் அதைப் பயன்படுத்துவது என்றுதான் போக வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்: உங்கள் வீடு.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் வெயிலுக்குக் கட்டினவை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தடித்த சுவர், கட்டுக்குக் கட்டு ஒரு நடை, நடுவே கனமான மரக்கதவு. சித்திரை வெயில் உள்ளே வராத அந்தச் சுவரை வைஃபையும் லேசில் தாண்டாது. வைஃபை இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் கூடுதல், நெரிசல் குறைவு, ஆனால் தடித்த சுவர் ஒன்று இரண்டு வந்தாலே சோர்ந்துவிடும். உங்கள் ஓஎன்டி தார்சாவில், பேத்தியின் மேசை பின்கட்டு மாடியில். இடையில் மூன்று சுவர், ஒரு கம்பி கட்டிய காங்கிரீட் தளம். போதாக்குறைக்கு இரும்பு பீரோ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நிறைந்த தண்ணீர்த் தொட்டி வழியில் இருந்தால் அதுவும் சிக்னலை நன்றாகவே குடிக்கும்.

ஊகம் வேண்டாம், அளந்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் சிக்னல் அளவைக் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. எண் மைனஸில் வரும். மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை மீட்டிங் தாங்கும். மைனஸ் 75-க்குப் போனால் வாட்ஸப் செய்தி போகும், பேச்சு உடையும். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தார்சாவிலிருந்து மாடிப்படி வரை மெதுவாக நடந்து பாருங்கள். எந்த நிலைப்படியைத் தாண்டும்போது எண் மளமளவென்று விழுகிறது என்று தெரியும். வயர் அந்த நிலைப்படியைத் தாண்டிப் போக வேண்டும்.

ரிப்பீட்டர் ஏன் வேண்டாம் என்பதும் இதிலேயே இருக்கிறது. ரிப்பீட்டர் தான் வாங்குகிற சிக்னலைத்தான் திருப்பிப் பரப்பும். நலிந்த இடத்தில் வைத்தால் நலிந்ததைத்தான் பரப்பும். அதோடு, விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுக்கின்றன. ஒரே தகவல் காற்றில் இரண்டு தடவை போவதால் வேகம் பாதியாகும். ஃபோனில் சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், மீட்டிங் மட்டும் உடையும். பார்க்கிறவருக்கு எங்கே கோளாறு என்றே பிடிபடாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே விடமாட்டார்கள் என்றால் ரிப்பீட்டரோ மெஷ்ஷோ (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்) வாங்கலாம். சொந்த வீடு உங்களுக்கு. வயர் இழுங்கள்.

நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிற ஒரே விஷயம் இதுதான்: இருந்த இடத்தை விட்டு நகராத கருவிக்கு வயர், கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற கருவிக்கு வைஃபை. தார்சாக் கணினி, மாடிக் கணினி, டிவி, மருமகளின் வேலை மேசை நாலுக்கும் வயர் போய்விட்டால் காற்றில் மிஞ்சுவது ஃபோன்கள் மட்டும். அவையும் அப்புறம் நெரிசல் இல்லாமல் நன்றாக ஓடும்.

வயர் கேட் 6, முழுத் தாமிரம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கடையிலேயே ஒரு முனையை வாங்கி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் தாமிரம். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் தாமிரப் பூச்சு. விலை குறைவு, ஆனால் இரண்டு தடவை மடங்கினால் உள்ளேயே ஒடியும். ஒடிந்தது வெளியே தெரியாது. சுவருக்குள் விட்டபிறகு அதைத் தேடுவது பெரும்பாடு. விலையைப் பார்த்து இதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

வயர் ஓட்டம் ஒன்று 100 மீட்டர் வரை போகலாம். மூன்று கட்டு வீட்டுக்கு அது தாராளம். கரண்ட் வயர் போகிற குழாயிலேயே இதையும் விடக் கூடாது. தனியாக ஒரு பிவிசி குழாய் போடுங்கள், கரண்ட் குழாயிலிருந்து ஓர் அடியாவது தள்ளி. பழைய வீட்டில் சுவரைக் குடைய வேண்டிய தேவையும் அதிகம் வராது. நிலைக்கு மேலே காற்றுப்போக்கிக்கு விட்ட ஓட்டை இருக்கும், மச்சுக் கட்டைகளை ஒட்டியே கொண்டுபோய்விடலாம். எலியும் அணிலும் இருக்கிற வீட்டில் குழாய் இல்லாமல் வயரை விடவே விடாதீர்கள்.

முனையில் ஆர்ஜே 45 பிளக் அடிப்பதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது, அதனால் ஆள் வந்து அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மேலுறையை ஓர் அங்குலம் உரித்தால் உள்ளே நாலு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. முறுக்கைப் பிரித்து, இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி, விரலால் நீவி நேராக்கி, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பிளக்கின் கொக்கி கீழே பார்க்க, கம்பிகளை உள்ளே தள்ளினால் பிளக்கின் முன்பக்கக் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிய வேண்டும். ஒன்று மங்கலாக இருந்தாலும் வெளியே எடுத்து மறுபடி தள்ளச் சொல்லுங்கள். மேலுறையும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும், அப்போதுதான் அழுத்தும்போது உறையைக் கவ்விப் பிடிக்கும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் மட்டும் தெரிகிற பிளக் வீடு பெருக்கும்போது வாரியல் பட்டாலே கழன்றுவிடும்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இரண்டு போதும். 1000-க்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் லைன் செத்துப்போகாது. பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். உங்கள் திட்டமும் 100 என்பதால் இன்றைக்கு வித்தியாசமே தெரியாது. நாளை 300-க்கு மாறுவீர்கள், ஸ்பீடு டெஸ்ட் 94, 95-லேயே நிற்கும், கம்பெனி மேல் கோபம் வரும். வேலை முடிந்த அன்றே விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸில் வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலி கொடுங்கள். சில ஓஎன்டிகளில் நாலு துளையில் ஒன்றுதான் கிகாபிட், மற்ற மூன்றும் 100. அதையும் பெட்டியின் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஎன்டி துளைகள் போதாவிட்டால் ஐந்து துளை கிகாபிட் சுவிட்ச் (ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்று நடுக்கட்டில் வைத்தால் போதும், அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது.

மாடியில் ஃபோன்களுக்கும் வைஃபை வேண்டும் என்பதால் இரண்டாவது ரவுட்டர். மாடிக்குப் போன வயரை எடுத்து அதில் செருகுவார்கள், அநேகமாக வேன் என்று எழுதிய, வெளி லைனுக்கான துளையில். இன்டர்நெட் வரும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ரவுட்டரும் தன் பங்குக்கு நாட் போட்டு, மாடியை ஒரு தனி வீடாகப் பிரித்துவிடும். கீழே தார்சாவில் இருக்கும் பிரிண்டரை மாடியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஃபோனிலிருந்து பட்டாசல் டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். இரண்டாவது ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (நாட் போடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால், வயரைச் செருகுவதற்கு முன்னால் அதன் உள்முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (உங்கள் ஓஎன்டி 192.168.1.1-ல் இருக்கிறது என்ற கணக்கில்; இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால் இரண்டும் தடுமாறும்). டிஹெச்சிபியை அணையுங்கள், முகவரி கொடுக்கிற பொறுப்பு வீட்டில் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், அது ஓஎன்டி. பிறகு வயரை லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வேன் துளை சும்மா கிடக்கட்டும்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு பெட்டியிலும் ஒன்றாகவே வையுங்கள். படியேறும்போது ஃபோன் தானாக மாறிக்கொள்ளும். 2.4-ல் சேனல் மட்டும் கீழே 1, மாடியில் 6 அல்லது 11. ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் இந்த மூன்றுதான். 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும்.

மருமகளின் சாயங்காலப் பிரச்சினைக்கு வயர் மட்டும் போதாமல் போகலாம். சாயங்காலம் எல்லாரும் வீடு வந்து சேர்கிறார்கள், ஃபோன்கள் வைஃபையைப் பிடித்ததும் அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றத் தொடங்குகின்றன. ஏற்றும் பாதை நிறைந்ததும் ரவுட்டர் மிச்சத்தைத் தன் நினைவில் வரிசையாக அடுக்குகிறது. மருமகளின் குரல் சின்னச் சின்னத் துண்டுகள்தான், ஆனால் அவையும் அந்த நீள வரிசைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்பீடு டெஸ்டில் வேகம் ஜோராக இருக்கும், பேச்சு உடையும். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. விண்டோஸ் கட்டளைத் திரையில் பிங் கட்டளையை (ஒரு செய்தி போய்த் திரும்பிவர ஆகும் நேரத்தைக் காட்டுவது) கூகுளின் 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து ஓட விடுங்கள். வீடு சும்மா இருக்கும்போது 20, 30 மில்லிசெகண்டு வருகிறது, யாராவது பெரிய வீடியோ ஏற்றும்போது 300, 500 என்று ஏறுகிறது என்றால் இந்த வரிசைதான் காரணம்.

மருந்தும் இருக்கிறது. ரவுட்டரில் கியூஓஎஸ் (யாருக்கு எவ்வளவு வேகம் என்று பிரிக்கும் வசதி) என்ற பகுதியில், மொத்த ஏற்றும் வேகத்தை லைன் உண்மையில் தருவதில் 85, 90 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துங்கள். பாதை நிறையாவிட்டால் வரிசை சேராது. மருமகளின் மடிக்கணினிக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஓஎன்டியில் இந்த வசதி இல்லாவிட்டால், ஃபோன்களில் படம் ஏற்றுவதை ராத்திரி சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றிவிட்டாலே பாதிக் கஷ்டம் தீரும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, அப்போதும் ராத்திரி ஒன்பது மணிக்கு இழுக்கிறது என்றால் அது உங்கள் கையில் இல்லை. ஜிபான் என்கிற, ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில், அந்த ஃபைபரின் 2.5 ஜிபிபிஎஸ் இறங்கு வேகத்தையும் 1.25 ஏறு வேகத்தையும் 32 வீடோ 64 வீடோ பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கு மேல் கம்பெனி ஊருக்குள் கொண்டுவரும் மொத்த அளவு வேறு. மடிக்கணினியை ஓஎன்டியில் நேரே வயர் போட்டுக் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரக் கணக்கைக் காட்டிப் புகார் சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை அவர்களுக்கு வரும்.

மின்னலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பொதிகை மலைப் பக்கமிருந்து திரண்டு வந்து அடிக்கிற இடியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய டிஎஸ்எல் காலத்தில் டெலிஃபோன் கம்பி வழியாக மின்னல் வந்து மோடமும் கணினியும் சேர்ந்து போன வீடுகள் எத்தனையோ. ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் இழைக்குத் துணையாகப் பெரும்பாலும் இரும்புக் கம்பி உண்டு. அதைச் சுவருக்கு வெளியேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும், ஓஎன்டி வரை கொண்டுவரக் கூடாது. அதேபோல மாடிக்குப் போகும் தாமிர வயரை வீட்டுக்குள்ளேயே ஏற்றுங்கள், தட்டட்டி வழியாக வெளியே சுற்றிக்கொண்டு போகாதீர்கள். தோட்டத்து ரூமுக்கோ தொழுவத்துக் கேமராவுக்கோ இணைப்பு வேண்டுமென்றால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தாமிரம் இழுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (தாமிர வயரையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) வைத்து நடுவில் ஃபைபர் விடுங்கள். இடி கேட்டால் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிடுவதற்கு இணையான பாதுகாப்பு வேறில்லை.

ஆனி, ஆடிக் காற்றில் வெளி ஒயர் ஆடி, வளைவில் இழை நசுங்குவதும் நம் பக்கத்தில் வழக்கம். ஓஎன்டியில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு மினுங்கினால் ரவுட்டர் செட்டிங்கைத் தொடாதீர்கள், கோளாறு இழையில். உள்ளே மஞ்சள் ஃபைபரைச் சுருட்டி வைப்பதென்றால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டுங்கள். கதவிடுக்கில் மடிக்கிறது, மேலே ஆணி அடிக்கிறது எல்லாம் கூடாது.

கரண்ட் போனால்? ஜிபானில் தெருவில் இருக்கும் பிரிப்புப் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும். ஆக உங்கள் ஓஎன்டிக்கு மட்டும் கரண்ட் இருந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். (சில உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்கள் தெருவில் சுவிட்ச் வைத்திருப்பார்கள். அங்கே கரண்ட் போனால் உங்களுக்கும் போகும். கேட்டுக்கொள்ளுங்கள்.) ரவுட்டருக்கென்றே விற்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று ஓஎன்டிக்கு, இன்னொன்று மாடி ரவுட்டருக்கு. நடுக்கட்டில் சுவிட்ச் வைத்திருந்தால் அதையும் மறந்துவிடாதீர்கள். வாங்கும் முன் ஒவ்வொரு கருவியின் அடாப்டரிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 12 வோல்ட், 9 வோல்ட், 5 வோல்ட் என்று மாறும், பிளக் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் கருவி போய்விடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் கணத்தில் ஓஎன்டி அணைந்து எழுந்தால் இரண்டு மூன்று நிமிஷம் போய்விடும். மீட்டிங்கில் இருப்பவருக்கு அது பெரிது.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம் அண்ணாச்சி. மனஸ்தாபம் வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டுத் திட்டம் பொதுவாக உங்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். அந்த லைனில் யார் என்ன செய்தாலும் கணக்கு உங்கள் பேரில்தான் நிற்கும், விசாரிக்க வருகிறவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் கடை வைத்திருந்து வருகிறவர்களுக்கு வைஃபை கொடுக்க விரும்பினால், 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு அனுமதித்த பிஎம்-வாணி திட்டத்தில் உரிமம் இல்லாமலே முறைப்படி கொடுக்க வழியிருக்கிறது, அதைச் சொல்லுங்கள். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்றைத் திறந்து, போனபிறகு பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அப்படியே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனை அழுத்தி இணைக்கும் வசதி) அணைத்து, பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது 3-ல் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் பார்க்கிற கணக்குகள் அடுத்தவர்கள் வியாபாரம் சம்பந்தப்பட்டவை.

பிபிபிஓஇ முறையில் (யூசர்நேம் கொடுத்து லைனுக்குள் நுழைகிற முறை) வரும் லைன் என்றால் அதன் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் லைன் ஆளிடம் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெட்டியை யாராவது ரீசெட் செய்துவிட்டால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது, அன்று பார்த்து அவர் ஃபோனை எடுக்கமாட்டார்.

இரண்டாவது கனெக்‌ஷன் நியாயமாகிற இடம் ஒன்றே ஒன்று. மருமகளின் வேலை அரை மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்றால், வேகத்துக்காக அல்ல, லைன் அறுந்தால் உதவ ஒரு மாற்று வேண்டும். அதற்கும் இன்னொரு ஃபைபர் தேவையில்லை, இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே மரக்கிளை இரண்டையும் அறுக்கும். வேறொரு கம்பெனியின் 4ஜி அல்லது 5ஜி சிம், அவர் ஃபோனிலேயே ஹாட்ஸ்பாட்டாக. எந்தக் கம்பெனி சிக்னல் மாடியில் நன்றாகக் கிடைக்கிறது என்று வீட்டில் இருக்கிற ஃபோன்களை வைத்தே பார்த்துவிட்டு வாங்குங்கள். வயர் வேலையை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஈரச் சுவரில் குழாய் ஒட்டாது, ஆளும் கிடைக்கமாட்டார்.